44 வயதில் ஐஸ் ஹாக்கி லீக்கில் சேரலாமா? தரை ஹாக்கி ஆடியவரின் கேள்வி

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது; சிங்கப்பூரின் ஈசூனில் குடும்பத்துடன் வசிக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, தேசிய சேவைக் காலத்திலும் அதன் பிறகும் 35 வயதுவரை தரை ஹாக்கி ஆடினேன். நடுக்கள ஆட்டக்காரனாக இருந்தேன். இளைய மகன் பிறந்த ஆண்டில் ஆட்டத்தை விட்டவன் பிறகு திரும்பவே இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு முறை மெதுவோட்டம் ஓடுவதைத் தவிர வேறு உடற்பயிற்சி கிடையாது.

சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் மகளைப் பனிச்சறுக்குத் தளத்திற்கு அழைத்துச் சென்றேன். பொதுமக்களுக்கான நேரம் முடிந்து, பனியைச் சமன்செய்யும் வண்டி சுற்றி வந்தபின், பெரியவர்கள் பதினைந்து இருபது பேர் முழுக் கவசத்துடன் தளத்தில் இறங்கினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று நானும் மகளும் ஒரு மணி நேரத்திற்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தோம். பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) சுற்றுப் பலகையில் மோதி எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதை முன்பே கணித்து, தலை நரைத்த ஒருவர் அந்த இடத்திற்குச் சறுக்கிச் சென்று காத்திருந்து எடுத்தார். வேகத்தில் அவரைவிட இளையவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். ஆனால் ஆட்டத்தை அவர்தான் நடத்தினார். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேலிருந்த என் பழைய மட்டையை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்த ஒருவரிடம் பேசினேன். அது வயது வந்தோருக்கான பொழுதுபோக்கு லீக் என்றும், கீழ்ப்பிரிவில் தொடக்கநிலையில் உள்ளவர்களும் ஆடுகிறார்கள் என்றும், அடுத்த பருவத்திற்கான பதிவு இன்னும் இரண்டு மாதங்களில் தொடங்கும் என்றும் அவர் சொன்னார். அதிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரக் காலணியில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இளமையில் சறுக்கியிருக்கிறேன். பனியில் இதுவரை நான்கு முறைதான் இறங்கியிருக்கிறேன். முன்னோக்கிப் போக முடிகிறது, ஆனால் பலகையைப் பிடிக்காமல் வேகத்தை நிறுத்தி நிற்கத் தெரியவில்லை. இந்த நிலையில் நேரடியாகப் பதிவு செய்து, ஆடிக்கொண்டே கற்றுக்கொள்வது முறையா? அல்லது ஒரு பருவத்தை விட்டுவிட்டு, சறுக்கப் பழகியபின் சேர்வதா? தரை ஹாக்கியில் நான் பெற்ற பழக்கம் இங்கே உதவுமா, அல்லது அதை மறந்துவிட்டுத் தொடங்க வேண்டுமா?

இன்னொரு கவலையும் உண்டு. வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். கணினியில் கட்டட வரைபடங்கள் வரைவது என் வேலை. மணிக்கட்டு முறிந்தால் இரண்டு மாதம் வேலை நின்றுவிடும் என்று மனைவி அஞ்சுகிறார். அவர் அஞ்சுவது நியாயம்தான் என்பதால், அவருக்கு நான் சொல்லும் பதிலும் உண்மையாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நீலக்கோடு எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் 2014இல் என் 38ஆம் வயதில் தொடங்கினேன், தற்காப்பு ஆட்டக்காரன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், இந்தப் பருவத்தில் பதிவு செய்யாதீர்கள் என்பதுதான். ஏன் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் முதல் பருவத்தில் எனக்கு இடப்பக்கம் திரும்பி நிற்கத் தெரியும், வலப்பக்கம் தெரியாது. கீழ்ப்பிரிவுதானே, போகப்போகப் பழகிவிடும் என்று எண்ணிப் பதிவு செய்தேன். நான்காவது ஆட்டத்தில் மூலையில் கிடந்த பக்கை நோக்கி வேகமாகச் சென்றபோது, என் சொந்த அணியைச் சேர்ந்த ஒருவர் எனக்கு முன்பே அங்கே வந்து குனிந்திருந்தார். வலப்பக்கம் நின்றிருந்தால் அவரைத் தவிர்த்திருக்கலாம். எனக்கு அது தெரியாததால் அவர் மீது மோதி, இருவரும் பலகையில் போய் விழுந்தோம். அவருடைய காறையெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொங்கலில் வைத்திருந்தார். எனக்குக் கீறல்கூட இல்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் "இரு பக்கமும் நிற்கத் தெரியுமா?" என்பதையே நான் முதலில் கேட்கிறேன். உங்கள் மனைவி உங்கள் மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார். எதிரே ஆடுபவருக்கும் வீட்டில் ஒருவர் காத்திருப்பார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பொழுதுபோக்கு லீக்கில் உடலால் இடித்துத் தள்ளுவதற்கு அனுமதி இல்லை. அதனால் பெரும் ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை வேண்டுமென்று இடித்ததால் வந்தவை அல்ல. நிற்கத் தெரியாமல், அல்லது தலையைக் குனிந்து பக்கையே பார்த்துக்கொண்டு வந்ததால் நேர்ந்தவை. எனவே லீக்கிற்கு முன் நீங்கள் கற்க வேண்டியவை இவை: இரு பக்கமும் பனி சிதற நிற்பது, இரு திசையிலும் கால் மாற்றி வைத்து வளைவது, பின்னோக்கிச் சறுக்குவது, கையை ஊன்றாமல் விழுவதும் எழுவதும். கடைசியாகச் சொன்னது சிறியதாகத் தோன்றும். விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றுவதால்தான் மணிக்கட்டு முறிகிறது. முழங்காலும் இடுப்பின் பக்கமும் தரையில் படுமாறு விழப் பழக வேண்டும், விழுந்த உடனே விரல்களை முஷ்டியாக மடக்கிக்கொள்ள வேண்டும். விரித்த விரல்களின் மேல் அடுத்தவரின் சறுக்குக் காலணிக் கத்தி ஏறிவிடக்கூடும்.

சக்கரக் காலணிப் பழக்கம் கால் வலிமைக்கும் சமநிலைக்கும் உதவும், நிற்பதற்கு உதவாது. பனியில் கத்தியைக் குறுக்கே திருப்பி மேற்பரப்பைச் செதுக்கி நிற்கிறோம். சக்கரம் அப்படிச் செதுக்காது. இதை நம்பி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே பலகையில் மோதியதைப் பார்த்திருக்கிறேன்.

இனி இந்த ஊரின் நிலைமை. 2012இல் ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் பேரங்காடியில் திறக்கப்பட்ட தளம் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் அளவுத் தளம். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நான் சறுக்கக் கற்றது அங்கேதான். 2023 ஆகஸ்ட் 6ஆம் நாள் அந்தப் பேரங்காடி மூடப்பட்டதோடு அந்தத் தளமும் போய்விட்டது. கடைசி வாரத்தில் நாங்கள் பலர் ஆடுவதற்கு மட்டுமல்லாமல், வெறுமனே சுற்றி வருவதற்காகவும் போனோம். அதன் பிறகு காலாங்கில் உள்ள சிறிய தளத்திற்கு மாறினோம். முழு அளவுத் தளத்தில் ஓர் அணிக்குக் கோல்காப்பாளருடன் சேர்த்து ஆறு பேர் ஆடுவது வழக்கம். சிறிய தளத்தில் ஆட்களைக் குறைத்துக்கொள்கிறோம். இடம் குறைந்தால் ஆட்டம் மெதுவாகும் என்று எண்ணாதீர்கள். பக் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில விநாடிகளில் வந்துவிடுவதால், திரும்புவதும் நிற்பதும் இன்னும் அடிக்கடி தேவைப்படுகின்றன.

பனி இவ்வளவு அரிதாக இருக்கும் ஊரில் ஒரே தளத்தை உருவச் சறுக்கல்காரர்களும், வேகச் சறுக்கல்காரர்களும், பிள்ளைகளின் வகுப்புகளும், பொதுமக்களும், நாமும் பங்கிட்டுக்கொள்கிறோம். லீக்கிற்குக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் எல்லாரும் சேர்ந்து பணம் கட்டுகிறோம். அந்த நேரத்தில் சறுக்கக் கற்பது உங்களுக்கும் கட்டுப்படியாகாது, அணிக்கும் கட்டுப்படியாகாது. பொதுமக்கள் நேரத்தில் வாரம் இருமுறை, ஆறு மாதம் பழகுங்கள். அங்கே வாடகைக்குத் தரப்படும் காலணியில் கத்தியின் முன்முனையில் பற்கள் இருந்தால் அது உருவச் சறுக்கலுக்கானது. ஹாக்கிக் காலணியைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முதலில் சொந்தக் காலணி வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. நாம் அன்றாடம் அணியும் காலணியைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதாகவே ஹாக்கிக் காலணி பொருந்தும். குதிகால் உள்ளே அசையக்கூடாது.

கத்தியைத் தீட்டும்போது நடுவில் குழிவு விடுவார்கள். அந்தக் குழிவின் ஆரம் சிறியதாக இருந்தால் விளிம்பு பனியை ஆழமாகப் பிடிக்கும், பெரியதாக இருந்தால் வழுக்கிச் செல்வது எளிதாகும். அரை அங்குலம் நடுத்தரமானது. நிற்கப் பழகும் உங்களுக்கு ஏற்ற அளவு எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது 5/8. அது சற்று இளகிய பிடி தருவதால் குறுக்கே திருப்பி நிற்பதைப் பழக எளிதாக இருக்கும்.

கவியின்அம்மா எழுதியது:

நீலக்கோடு அண்ணன் சொன்ன பாதுகாப்புக் காரணங்கள் அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் ஆறு மாதம் காத்திருங்கள் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஐஸ் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நம் வட்டாரத்து முகங்கள் அந்தக் கவசத்துக்குள் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அதுவரை அது வெள்ளைக்காரர்கள் குளிர்நாட்டில் ஆடும் விளையாட்டு என்றே எண்ணியிருந்தேன். அடுத்த ஆண்டு மகளைச் சறுக்கல் வகுப்பில் சேர்த்தேன், அவளுக்காகக் காத்திருந்த நேரத்தில் நானும் கற்றேன். அப்போது எனக்கு 36 வயது. "இன்னும் கொஞ்சம் பழகியபின் சேர்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டரை ஆண்டுகள் போயின. எப்போதுமே இன்னொன்று தெரியாமல் இருந்தது. பின்னோக்கிச் சறுக்கத் தெரிந்தபோது, கால் மாற்றி வளையத் தெரியவில்லை என்று தயங்கினேன். என்னுடன் தொடங்கிய நால்வரில் இருவர் அப்படியே தயங்கி நின்றுவிட்டார்கள்.

ஆட்டத்தில் இறங்கிய முதல் இரண்டு மாதங்களில், அதற்கு முந்தைய ஓராண்டில் கற்றதைவிட அதிகம் கற்றேன். காரணம் எளியது: பொதுமக்கள் நேரத்தில் எல்லாரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். அதனால் ஒரு பக்கம் வளைவது மட்டுமே பழகுகிறது. திடீரென்று நிற்கவும், எதிர்த்திசையில் மூன்று அடி வேகமாகப் போகவும் அங்கே தேவையே வருவதில்லை. ஆட்டத்தில் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தேவை வருகிறது.

எனவே நான் சொல்வது நடுவழி. நிற்கத் தெரியும்வரை, அதுவும் அண்ணன் சொன்னதுபோல் இரு பக்கமும் தெரியும்வரை, லீக்கில் இறங்க வேண்டாம். ஆனால் அதற்கு ஆறு மாதம் என்று காலக்கெடு வைக்காதீர்கள். வயதுவந்தோருக்கான பயிற்சி நேரங்களிலும், புள்ளிக் கணக்கு இல்லாத நட்பு ஆட்டங்களிலும் முதல் மாதத்திலிருந்தே முழுக் கவசத்துடன் இறங்குங்கள். கவசம் இருந்தால் விழ அஞ்ச மாட்டீர்கள்; விழ அஞ்சாதவர்தான் நிற்கக் கற்கிறார். தலைக்கவசம், முழங்கால் காப்பு, கையுறை எதுவும் இல்லாமல் பொதுமக்கள் நேரத்தில் பழகுபவர் உடலை இறுக்கமாக வைத்துக்கொண்டே சறுக்குவார். அந்த இறுக்கம் பழகிவிட்டால் போக்குவது கடினம். பருவத்தின் பாதியில் அணிகளில் ஆள் குறையும்போது கூடுதல் ஆட்டக்காரராக அழைப்பார்கள். நான் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முழுக் கவசத்தையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. இங்கே சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் திரும்புபவர்கள் நல்ல நிலையில் உள்ள பொருள்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தோள்காப்பு, முழங்கைக் காப்பு, கால்தகடு, திண்டு வைத்த அரைக்காற்சட்டை ஆகியவற்றை அப்படி வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள். முன்பு அது எத்தனை அடி வாங்கியது என்பது வெளியே தெரியாது. முகத்தை முழுவதும் மூடும் கம்பி வலையுடன் வாங்குங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் நெகிழிக் கண்ணாடி முகமூடியைவிடக் கம்பி வலையே நல்லது. நம் ஊரின் ஈரக்காற்றில் இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்து மங்கிவிடும்.

வலைக்காவலன் எழுதியது:

நான் கோல்காப்பாளர். வலைக்கு முன்னால் நின்று எல்லாரையும் பார்ப்பவன் என்ற முறையில் சில செய்திகள்.

கழுத்துக் காப்பை விட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஓர் ஆட்டத்தில், நாட்டிங்ஹாம் அணிக்காக ஆடிய ஆடம் ஜான்சன் கழுத்தில் சறுக்குக் கத்தி வெட்டியதால் உயிரிழந்தார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர். எதிரே வந்தவரும் அப்படியே. அதன் பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் எல்லா வயதினருக்கும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. கீழ்ப்பிரிவில் விழுபவர்கள் அதிகம், விழும்போது கால் மேலே எழும்புவதும் அதிகம். உங்கள் லீக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அணியுங்கள். மனைவியிடம் முதலில் காட்ட வேண்டிய பொருள் அதுதான். மணிக்கட்டில் வெட்டு விழாமல் காக்கும் உறைகளும் கிடைக்கின்றன. உங்கள் தொழிலுக்கு அவையும் தேவை.

44 வயது என்பதால் இதையும் சொல்கிறேன். இந்த ஆட்டம் மெதுவோட்டம் போன்றதன்று. முக்கால் நிமிடம் முழு வேகம், பிறகு இருக்கையில் இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி முழு வேகம் என்று நாடித்துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பலதுறை மருந்தகத்தில் இரத்த அழுத்தமும் இதயமும் பரிசோதித்தபின் தொடங்குங்கள். தளத்தின் குளிரில் தாகம் தெரியாது, ஆனால் கவசத்துக்குள் வியர்வை கொட்டும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இந்தக் கவசங்களை எங்கே உலர்த்துவது என்பது விரைவில் உங்கள் வீட்டில் பெரிய கேள்வியாகிவிடும். ஆட்டங்கள் பெரும்பாலும் வேலைநாள் இரவில் முடியும். நள்ளிரவு நெருங்கி வீடு திரும்பியதும் பையை அப்படியே வைத்துவிட்டுத் தூங்கத் தோன்றும். அப்படிச் செய்தால் இந்த ஊரின் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில் தொங்கவிட்டு, மின்விசிறியை இரவு முழுவதும் அதன் பக்கம் திருப்பி வையுங்கள். காலணியை வெயிலில் வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகிவிடும். கத்தியைத் தளத்திலேயே துணியால் துடைத்து, வீட்டில் மறுபடி துடைத்து, துணி உறை போடுங்கள். நடப்பதற்கான கெட்டி நெகிழி உறையிலேயே விட்டுவிட்டால் உள்ளே தங்கும் நீர் ஒரே வாரத்தில் துருவாகும்.

இந்தக் காற்றின் ஈரம் தளத்தையும் விடுவதில்லை. கதவு அடிக்கடி திறக்கப்படும் நாள்களில் வெப்பக் காற்று உள்ளே வந்து குளிர்ந்து, பனியின் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. அன்று பக் மெதுவாகத்தான் போகும், கத்தி ஆழமாக இறங்கும். அப்படிப்பட்ட நாளில் சரியாக நிற்க முடியவில்லை என்றால் மனம் தளர வேண்டாம்; பழகியவர்களுக்கும் அன்று சிரமம்தான்.

ஈசூன்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மனைவியுடன் சேர்ந்து படித்தேன். நீலக்கோடு அவர்கள் எழுதிய விபத்தைப் படித்ததும் சிறிது நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்படிப் பொறுப்போடு பேசுபவர்கள் ஆடும் இடமென்றால் போய்ப் பாருங்கள்" என்றார். அடுத்த பருவத்தில் பதிவு செய்யப் போவதில்லை. வாரம் இருமுறை பொதுமக்கள் நேரத்திலும், மாதம் இருமுறை முழுக் கவசத்துடன் பயிற்சி நேரத்திலும் இறங்குவதாக முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. கடையில் மட்டை பார்க்கப் போனபோது இடக்கை மட்டையா, வலக்கை மட்டையா என்று கேட்டார்கள். தரை ஹாக்கியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, எல்லாருக்கும் ஒரே வகை மட்டைதான். நான் வலக்கைப் பழக்கம் உள்ளவன். எனக்கு இடக்கை மட்டைதான் பொருந்தும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். கையில் பிடித்தபோது எனக்கு அது முற்றிலும் மாறாகப் பட்டது. வாங்காமல் வந்துவிட்டேன்.

பலெஸ்டியர்க்காரன் எழுதியது:

வாங்காமல் வந்தது நல்லது. நானும் தரை ஹாக்கியிலிருந்து வந்தவன். பலெஸ்டியர் பக்கத்துத் திடல்களில் பல ஆண்டுகள் ஆடியவன். நீங்கள் தேட வேண்டியது வலப்பக்க மட்டை, அதாவது கடையில் வலக்கை மட்டை என்று சொன்னது.

கடைக்காரர் சொன்னதற்கும் காரணம் உண்டு. வலக்கைப் பழக்கம் உள்ளவர் மட்டையின் உச்சியை வலக்கையில் பிடித்தால், தனித்து நீட்டும்போது வலிமையான கை மேலே இருக்கும். அப்போது தாழ்ந்த கை இடக்கையாகி, இடப்பக்கத்திலிருந்து அடிப்பார். கனடாவில் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் உங்களுக்கு இருபது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. தரை ஹாக்கியில் இடக்கை உச்சியிலும் வலக்கை கீழேயும் பிடித்து, உடலின் வலப்பக்கத்தில் பந்தை வைத்து ஆடினீர்கள். அதே பிடிதான் ஐஸ் ஹாக்கியில் வலப்பக்க ஆட்டம். அதை மாற்றச் சொல்வது எழுதும் கையை மாற்றச் சொல்வதற்குச் சமம்.

மட்டையின் உயரம் வெறுங்காலில் நின்றால் மூக்குவரை, சறுக்குக் காலணியுடன் நின்றால் முகவாய்வரை இருக்கட்டும். அதன் மேல் எழுதியிருக்கும் வளைவு எண் முக்கியம். மட்டையின் தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதை அது குறிக்கிறது. உடல் எடையைப் பவுண்டில் கணக்கிட்டு அதில் பாதியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். 72 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 159 பவுண்டு, ஆகவே 75 முதல் 80 போதும். மட்டையை வெட்டிக் குட்டையாக்கினால் அது மேலும் விறைப்பாகும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய பழக்கம் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். காலி இடத்தைக் கண்டுபிடிப்பது, பந்து இல்லாதபோது எங்கே நிற்பது, முக்கோணமாகப் பந்தைக் கடத்துவது ஆகிய அனைத்தும் அப்படியே உங்களுடன் வரும். நீங்கள் பார்த்த நரைத்த தலைக்காரரைப்போல் ஆட்டத்தைப் படிக்கும் திறன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கால் மட்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எடையும்கூட ஏறக்குறைய ஒன்றுதான்: தரை ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம், பக் 156 முதல் 170 கிராம்.

தடையாக வருபவை வேறு. முதலாவது, உடல் வளைவு. தரை ஹாக்கியின் குட்டை மட்டைக்காக நாம் இடுப்பை வளைத்துக் குனிந்து பழகியிருக்கிறோம். பனியில் அப்படிக் குனிந்தால் எடை முன்னே போய்விடும், கண்ணும் கீழே போய்விடும். முழங்காலை மடக்கி, மார்பை நிமிர்த்தி, நாற்காலியில் உட்காரப் போகிறவர் போல இருக்க வேண்டும். இது எனக்குக் கைவர ஓராண்டு ஆயிற்று. தொடக்கத்தில் ஒவ்வொரு முறை பக் வரும்போதும் என் இடுப்பு தானாகவே மடங்கியது. சக ஆட்டக்காரர் ஒருவர் இருக்கையிலிருந்து "நிமிருங்கள்" என்று கூவிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது கால். பந்து காலில் படுவது தவறு என்று நம் உடலில் ஊறியிருக்கிறது. இங்கே காலால் பக்கை நிறுத்தலாம், மட்டைக்குத் தள்ளிவிடலாம். உதைத்துக் கோல் அடிக்க மட்டுமே கூடாது. என் முதல் பருவத்தில் காலை விலக்கியதாலேயே எத்தனையோ பக்குகளை எதிரணிக்கு விட்டேன். மட்டையின் இரு முகங்களாலும் ஆடலாம் என்பதும் அப்படித்தான். தட்டையான ஒரு பக்கத்தைத் தேடி மணிக்கட்டைப் புரட்டும் பழக்கம் நெடுநாள் கையை விட்டுப் போகாது.

ஆஃப்சைட் விதி தரை ஹாக்கியில் 1990களிலேயே நீக்கப்பட்டுவிட்டதால் உங்களுக்கு அந்த உணர்வே இருக்காது. முழு அளவுத் தளத்தில் பக் தளத்தில் வரைந்திருக்கும் நீலக்கோட்டைக் கடந்து தாக்கும் பகுதிக்குள் போவதற்குமுன் நீங்கள் உள்ளே இருக்கக் கூடாது. சிறிய தளத்தில் இந்த விதியை நாங்கள் தளர்த்தி ஆடினாலும், ஜோகூர் பாருவிற்கோ பாங்காக்கிற்கோ அணியாகப் போகும்போது அது தேவைப்படும்.

கடைசியாக, ஆள் மாறுவது. தரை ஹாக்கியில் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் களத்தில் இருந்துவிட்டுத்தான் வெளியே வருவோம். இங்கே 45 விநாடியில் வந்துவிடுங்கள். நடுக்கள ஆட்டக்காரர்களுக்கு இதுதான் மிகக் கடினம், நான் சொல்வதை நம்புங்கள். களைத்தபின்னும் களத்தில் நிற்பதைப் பொறுப்பு என்று நாம் கற்றிருக்கிறோம். இங்கே களைத்த கால்களோடு நிற்பவரால் நிறுத்த முடியாது. நீலக்கோடு எழுதியதுபோன்ற மோதல்கள் அந்தக் கடைசிப் பத்து விநாடியில்தான் நேர்கின்றன.

நீலக்கோடு எழுதியது:

கவியின்அம்மா சொன்ன நடுவழி என் பதிலைவிடச் சிறந்தது. முழுக் கவசத்துடன் பயிற்சி நேரத்தில் தொடங்கலாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆறு மாதம் என்ற கணக்கை விட்டுவிட்டு, இரு பக்கமும் நிற்பது ஒன்றையே அளவாக வைத்துக்கொள்வோம்.

நண்பரே, ஞாயிற்றுக்கிழமை காலைப் பொதுமக்கள் நேரத்தில் நான் பெரும்பாலும் அங்கே இருப்பேன்; நீலத் தலைக்கவசம் அணிந்திருப்பேன். என்னிடம் 80 வளைவு எண் கொண்ட வலப்பக்க மட்டை ஒன்று கூடுதலாக இருக்கிறது. அந்த நேரத்தில் தளத்தில் மட்டையை இறக்க அனுமதி இல்லை, ஆகவே வெளியே வைத்துத் தருகிறேன். வீட்டில் வழுவழுப்பான நெகிழிப் பலகை மேல் வைத்துப் பழகலாம். மகளையும் அழைத்து வாருங்கள். நிற்கப் பழகுவதில் பிள்ளைகள் நம்மைவிட விரைவாகத் தேறுவார்கள், அவளைப் பார்த்தே நீங்களும் பழகலாம்.